இடது பட்டன்

நாகப்பன் வலது பட்டனை மட்டும்தான் அழுத்தினான். பிஸ்டன் புஸ்ஸென்று இறங்கி, பம்பு மூடிக்குள் பேரிங்கை அறைந்துவிட்டு மேலேறியது.

இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். வேலை செய்பவரின் இரு கைகளும் வெளியே இருக்கட்டும் என்று அவனே அப்படி வடிவமைத்த காற்றழுத்த மிஷின். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்காரர்கள் அதை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை மறுபடி சோதிக்க வருகிறார்கள். இதுவும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். வால்வை மாற்றினான், வாஷரை மாற்றினான், குழாயையும் மாற்றினான். ஒன்றும் எடுபடவில்லை. எரிச்சலில் ஸ்பேனரை வீசியடித்தான்.

தப்பு அவனிடம்தான் தொடங்கியது. வலையின் இரு தலைப்பையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துப் பழகிய மீனவ வீடு. அதே பழக்கத்தில் வலது பட்டன் தனக்கு, இடது தம்பி சுபாஷுக்கு என்று பிரித்துக்கொண்டு, மிச்சக் கையால் மூடியைப் பிடித்துக்கொள்வான். ஒருநாள் அவன் கையை எடுப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டு அழுத்திவிட, விரல் மயிரிழையில் தப்பியது. "வலை இழுக்கத்தான்டா நீ லாயக்கு, போடா வெளிய!" என்று கத்தினான்.

அன்றைக்கே மீன்பிடிக்கப் போன தம்பியின் படகு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. சுபாஷின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. சொன்ன சொல் நாகப்பனின் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா," மனைவி ஹேமாவதி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "கரண்டு போயி ஒரு மணி நேரமாவுது. மிஷின் மட்டும் எப்டி ஓடுது?"

"டேங்க்ல காத்து மிச்சம் இருக்கும். நீ போ."

அவள் போன பிறகு டேங்கின் அழுத்தமானியைப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடிக்கும் அந்த மத்தியான வேளையில், ஆயில் வாடையையும் மீறி ஏரிச் சேற்றின் நாற்றம் எங்கிருந்தோ ஏறிவந்தது. மிஷினின் இடது பக்கம் தரையில் நீர் சொட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தான். குழாய் எதுவும் ஒழுகவில்லை.

மூடி உள்ளே சிக்கியிருந்தது. காற்றுதான் இல்லையே என்று இடது கையை விட்டு இழுத்தான். மூடியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடிகள் டக்கென்று அவன் மணிக்கட்டைக் கவ்வின.

இடது பட்டன் மெல்ல உள்ளே போனது. திரும்பி வரவில்லை. அதன்மேல் ஈரம்.

"சுபாஷு... வேணாண்டா."

வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். சில்லென்ற விரல்கள் அதைப் பிடித்தன. முறுக்கவில்லை. அவசரப்படவில்லை. வலது பட்டனை நோக்கி இழுத்தன.

ஒரு முழம். ஒரு சாண்.

அவனுடைய கட்டைவிரல் பட்டனைத் தொட்டது.