முள் ஆடாத கார்

இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். அருள்புரம் கிட்டுசாமிக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

பாதி வாழ்நாளைத் தறிக்குடோன் இரைச்சலில் கழித்தவர். காது மந்தம் என்று யாராவது சொன்னால், "என்ற காது நல்லாத்தான் இருக்குது. உங்க தொண்டைதான் கெட்டுப்போச்சு" என்பார்.

இப்போது அவருடைய பழைய காரும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. என்ஜினில் பொறி கொடுக்கும் பழைய பிளாட்டினத்தைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தான் மெக்கானிக் பிரதீப். அன்றிலிருந்து ஆர்.பி.எம். மீட்டரின் முள் அசையவில்லை. அந்த முள்ளைப் பார்த்துத்தான் என்ஜின் ஓடுகிறதா, எவ்வளவு வேகம் என்று கிட்டுசாமி தெரிந்துகொள்வார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கணியூரில் அவருடைய அக்கா வள்ளியாத்தாள் இருக்கிறாள். முழங்கால் வலியால் பஸ் ஏற முடியாது. மாதாமாதம் இவர்தான் காரில் கூட்டிவருவார். பொங்கலுக்கு வந்து போனவள் அப்புறம் வரவில்லை. இப்போது பங்குனியே பிறந்துவிட்டது. சாயங்காலமானால் காரில் ஏறி, காலியான பக்கத்து சீட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்.

அன்று பேத்தி ஜனனி ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்க அப்புச்சி, உங்க அக்காளக் கூட்டிட்டு வரலீங்களா?"

"வண்டி செத்துப்போச்சு சாமி."

"ஓடிட்டுத்தானுங்க இருக்குது!"

"ஓடுதுன்னு ஆரு சொன்னா?" என்று மறுபடியும் சாவியைத் திருகினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குள் ஏதோ அலறியிருக்க வேண்டும். ஜனனி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் முகத்தையும் அசையாத முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிட்டுசாமிக்குத் திக்கென்றது. போச்சு, இனி ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்!

அவள் ஓடிப்போய் பிரதீப்பைக் கூட்டிவந்து, அசையாத முள்ளைக் காட்டினாள்.

"அந்த மீட்டர ஆரு பாக்கறா கண்ணு?" என்றான் பிரதீப்.

"முன்னாடி அந்த முள்ளுக்கு எங்கிருந்துங்க சேதி போச்சு?"

"இக்னிஷன் காயிலுல இருந்து ஒரு வயரு போகும்."

"இப்ப அந்த வயரு எங்கீங்கண்ணா?"

பிரதீப் பானட்டுக்குள் குனிந்தான். முனையில் டேப் சுற்றிய வயர் ஒன்று தனியே தொங்கியது. தலையைச் சொறிந்தான்.

"மாட்டாம உட்டுட்டேன். ஆமா, இது ஆருக்கு வேணும்? உங்க அப்புச்சிக்கா?"

பிரதீப்பின் விரல் தன் பக்கம் நீண்டதும் கிட்டுசாமி ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜனனி அவரைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னாள். "எனக்குத்தானுங்க! முள்ளு ஆடுனாத்தான் எனக்குப் பிடிக்கும்!"

தெருவுக்கே கேட்டது. கிட்டுசாமிக்கும் கேட்டது.

பிரதீப் சிரித்தபடி, புதுப் பெட்டியில் மீட்டருக்கென்றே இருந்த முனையில் வயரை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழுந்தது. மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. கிட்டுசாமியின் புருவமும் கூடவே ஏறி இறங்கியது.

"இப்ப நம்பறீங்களா அப்புச்சி?"

"அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு ஆரு கண்டா? கணியூர் போயிட்டுத் திரும்பி வரட்டும், அப்பறம் பாக்கலாம்!"

காரை விட்டு இறங்கி வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நம்பாத முகத்தோடுதான் போனார், அக்காவின் முழங்காலுக்கு அடியில் வைக்க ஒரு தலையணை எடுத்துவர.