பக்காலியில் பிரித்த ஜோடி

வங்காளத்தின் பக்காலிக் கடற்கரையில், குதிரைலாட நண்டுக் கணக்கெடுப்புக் குழுவின் தலைமை விஞ்ஞானி, "மாணவர்களே, வரலாறு உங்களைப் பார்க்கிறது!" என்று முழங்கினார். சேறு அவரை முழங்கால்வரை விழுங்கியிருந்தது. வரலாறு பார்த்ததோ என்னவோ, நண்டுகள் பார்த்தன.

மாணவி தாரா பார்த்தது வேறு. ஒட்டிக் கிடந்த குதிரைலாட நண்டு ஜோடியைப் பிய்த்து, தனித்தனியாகப் படமெடுத்துக்கொண்டிருந்தான், உதவிக்கு வந்திருந்த ஒரு நெட்டையன்!

"ஆரே தாதா! தொடாம எடுக்கணும்!" என்று 'அண்ணா' முறை வைத்து வங்க மொழியில் கத்தியவள், "கடவுளே... மூளையே கிடையாதா?" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"இருக்குங்க... அப்பாவோட துறைமுகக் குவார்ட்டர்ஸ்ல மறந்து வச்சுட்டு வந்துட்டேன்," என்றான் அவனும் தமிழிலேயே.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... பாதித் திட்டு அவளுக்கு மறந்துபோயிற்று.

"முட்டையிட வர்ற பொண்ணை ஆண் பிடிச்சுக்கிட்டேதான் கரைக்கு வரும். பிரிச்சுட்டீங்களே..."

அவன் முகம் வாடியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தான். சேரவில்லை. அந்த வாட்டத்தில் விழுந்தவள் எழவேயில்லை.

பெயர் நரேன். அந்த மழைக்காலத்து ஞாயிறுகளில், அவள் சிப்பிகளின் பெயர் சொல்ல அவன் எழுதினான். 'நீங்க' எப்போதோ 'நீ'யாகிவிட்டது. ஒரு மாலை கொல்கத்தாவின் டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில், மண்குவளைத் தேநீரை ஊதியபடி கேட்டான்: "அப்பாவுக்கு சென்னைக்கு டிரான்ஸ்ஃபர். எனக்குப் பொண்ணு பார்க்கறாங்க... நான் என்ன சொல்லட்டும் தாரா?"

அவனே முதலில் சொல்லட்டுமே என்று அவளுக்கு ஒரு கர்வம். கடலுயிரியல் எம்.எஸ்ஸி. கர்வம்!

"நல்லா சமைப்பாளான்னு கேளு."

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். நிச்சயம் முடிந்ததையும், இன்று குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்புவதையும் தாராவோடு படிக்கும் மதுதான் சொன்னான்.

சாந்த்ராகாச்சி ரயில் நிலைய நடைமேடையில் மழை. ரயிலுக்குள் நரேனின் அம்மா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்; அவன் கீழே நின்றிருந்தான்.

"தாரா? எனக்கு நிச்சயம்..."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வந்தே?"

லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து டாக்ஸியில் ஒத்திகை பார்த்த கவித்துவமெல்லாம் மழையில் கரைந்துபோயிற்று.

"அன்னிக்கு, 'வேண்டாம்னு சொல்லு'ன்னுதான் வாய் வரைக்கும் வந்தது. திமிரு... முழுங்கிட்டேன்."

"இப்ப சொல்றியே தாரா... அந்தப் பொண்ணு கையில மோதிரம் போட்டுட்டேனே..."

"கழட்டச் சொல்லி வரலை. அவ என்ன பாவம் பண்ணினா? நான் சிரிச்சதை நிஜம்னு நினைச்சுக்கிட்டு நீ போயிடக் கூடாது. அவ்வளவுதான். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், நரேன்..."

அவன் கண்கள் நிறைந்தன. ஏதோ சொல்ல உதடு அசைந்தது. அதற்குள் ரயிலும் அசைந்தது.

"ஏறு," என்றாள். "அம்மா கூப்பிடறாங்க பாரு."