இரண்டு நிமிடம் பதினொரு வினாடி

ஐந்து பத்துக்கு அலாரம் அடித்தது. அவன் எழுந்தான். பல் துலக்கினான். கீழே இறங்கி இரும்புக் கேட்டைத் திறந்து, ஒரு ஸ்கூட்டர் வெளியே போகும் அளவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்கூட்டர் உறை போர்த்திச் சுவரோரம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டைச் சாத்தினான். பால் காய்ச்சினான். பாடநூல் அச்சுப்படியில் பன்னிரண்டு பக்கம் திருத்தினான். எட்டரைக்குக் குளித்தான். பத்தொன்பது நாட்களாக இதே வரிசை. அன்று மட்டும் ஒன்பதே காலுக்குத் துப்பறிவாளரின் அலுவலகப் படியேறினான்.

பூட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை. துப்பறிவாளர் முன்பு சர்வர்களைப் பராமரித்தவர். இப்போது காணாமல்போன கோப்புகளையும் திருத்தப்பட்ட கோப்புகளையும் தேடிக் கொடுப்பதுதான் தொழில். உதவிக்கு அவருடைய தங்கை.

"உட்காருங்க" என்றார்.

அவன் உட்காரவில்லை. ஜன்னல்வரை நடந்து திரும்பினான்.

"என் மனைவி குளிர்பதனக் கிடங்குல ஷிப்ட் இன்ஜினியர். இறந்து பத்தொன்பது நாள் ஆச்சு. இன்னிக்கு நாலு மணிக்குக் கம்பெனி விசாரணை அறிக்கையில கையெழுத்துப் போடறாங்க. தப்பு அவளோடதுன்னு."

நின்றபடியே சொன்னான். கிடங்கில் அம்மோனியா ஓடும் குழாய்கள் மூன்று லைன். ஷிப்ட் முடியும்போது இன்ஜினியர் மூன்றையும் சுற்றிப் பார்த்து, பார்த்ததைப் போனில் பேசிப் பதிவு செய்து, நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அவள் அன்று மதியம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஏற்றினாள். இரண்டு பத்துக்கு அடுத்த ஷிப்ட் மேற்பார்வையாளர் மூன்றாவது லைனைத் திறக்கச் சொன்னார். குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அவள் உள்ளே இருந்தாள். கூட இருந்த ஃபிட்டரின் நுரையீரல் வெந்துபோய், இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

"ஃபிட்டரோட சம்சாரம் நேத்து வீட்டுக்கு வந்தாங்க. உன் பொண்டாட்டி ஒழுங்காப் பார்த்திருந்தா என் வீட்டுக்காரர் தானா மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாருன்னாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"நிஜமான்னு தெரியணும். நிஜம்னா நானே போய் அந்தம்மா கால்ல விழுந்துடறேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கிடங்கு மேலாளர் அனுப்பிய, அந்தப் பதிவின் பிரதி அதில் இருந்தது. மூவரும் கேட்டார்கள். நிதானமான பெண் குரல். முதல் லைன், ஒவ்வொரு வால்வாக. இரண்டாவது லைன், அப்படியே. பிறகு, "மூணாவது லைன். பிரஷர் சரியா இருக்கு." அவ்வளவுதான். இரண்டு நிமிடம் பதினொரு வினாடி.

"யாரோ வெட்டியிருக்காங்க அண்ணா" என்றாள் தங்கை. "மேலாளர்தான்."

"அவரை நாம இன்னும் பார்க்கவே இல்லையே."

"பார்த்தா இன்னும் உறுதியாயிடும்."

துப்பறிவாளர் கணவனைப் பார்த்தார். "வழக்கமா எவ்வளவு நேரம் பேசுவாங்க?"

"அரை நிமிஷம். ஏதாவது கோளாறு இருந்தாத்தான் நீளும். இன்னொண்ணு, அவ இப்படி முடிக்க மாட்டா. நேரம் சொல்லித்தான் முடிப்பா. பால்காரர்கிட்ட பேசினாக்கூடக் கடைசியில 'சரி, மணி ஏழு'ம்பா."

"இந்த ஃபைலோட அளவு?"

தங்கை எண்ணை எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தாள். "இருபது லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரத்து நூத்தி அம்பத்திரண்டு பைட்."

அவர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு அவனிடமிருந்து அறிக்கையின் நகலை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. உடலருகே கிடந்தவை: சாவிக்கொத்து ஒன்று, நசுங்கிய போன் ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று.

"கிளம்பலாம்" என்றார்.

கிடங்கில் மேலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. நாலு மணிக்குள்ள முடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அந்த இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினார். தேதிவாரியாகப் பதிவுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பச்சை டிக்.

தங்கை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். திடீரென்று சிரிப்பை அடக்கினாள்.

"அண்ணா, போன மாசம் ஒண்ணு வெறும் செருப்புச் சத்தம்தான். யாரோ போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடந்திருக்காங்க. பேச்சே இல்லை. அதுக்கும் பச்சை டிக்."

"அதைக் குறிச்சு வை" என்றார் அவர்.

மேற்பார்வையாளர் இடது கையில் கட்டோடு வந்தார். கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"நான் முறைப்படிதான் செஞ்சேன் சார். ரெண்டு மணிக்கு என் மேஜையில உட்கார்ந்து இன்ஜினியரம்மா பேசினதைக் கேட்டேன். அரை நிமிஷப் பேச்சு. முழுசாக் கேட்டுட்டுத்தான் திறக்கச் சொன்னேன்."

"அதுக்கப்புறம் கேட்டீங்களா?"

"எங்க சார்? கை வெந்து பத்து நாள் ஆஸ்பத்திரி. வந்தப்புறம் மனசு வரலை."

கணவன் சுவரைப் பார்த்து நின்றான்.

கடைசியாக, அந்த இணையப் பக்கத்தை எழுதிய நிரலாளர். நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தார். "சத்தியமா நான் எதையும் தொடலை சார்."

"தொடலைன்னு தெரியும். உங்க சர்வருக்கு முன்னாடி வாசல் காக்கிற சர்வர் ஒண்ணு இருக்குமே, அதோட பதிவைக் காட்டுங்க."

திரையில் வரிகள் ஓடின. துப்பறிவாளர் இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"சமீபத்துல ஏதாவது கோளாறு தேடினீங்களா? தேடறப்ப அமைப்பை மாத்தினீங்களா?"

நிரலாளர் யோசித்தார். நகம் வாயிலிருந்து கீழே இறங்கியது. "ரெண்டு மாசம் முந்தி. வர்ற ஃபைல் எல்லாம் முதல்ல அந்த வாசல் சர்வர்ல ஒரு தற்காலிக ஃபோல்டருக்கு வரும், உள்ளே போனதும் அழிஞ்சிடும். ஒரு கோளாறு பார்க்கணும்னு அழிக்காதேன்னு போட்டேன். அப்புறம்..." நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்புறம் மாத்தவே இல்லை சார்."

"நல்லவேளை" என்றார் துப்பறிவாளர்.

அந்த ஃபோல்டரில் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் இருந்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கிடங்கின் கேமராப் படங்கள், விடுப்பு விண்ணப்பங்கள், லாரி ரசீதுகள், எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. ஃபோல்டரை நடுவில் ஒருமுறை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருந்ததால் கோப்புகளின் தேதியை நம்பவும் முடியவில்லை. தங்கையும் நிரலாளரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணவன் வராந்தாவில் நடந்தான். நாற்பத்தோரு அடி போக, நாற்பத்தோரு அடி வர. ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. மேலாளர் எட்டிப் பார்த்து, கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். மூன்று இருபத்தைந்துக்கு உள்ளேயிருந்து தங்கை கத்தினாள்.

"அண்ணா!"

மூன்றே முக்காலுக்குக் கூட்ட அறையில் எல்லாரும் இருந்தார்கள். அறிக்கை மேஜைமேல், பக்கத்தில் திறந்த பேனா. துப்பறிவாளர் மடித்த துண்டுத் தாளைப் பிரித்து நடுவில் வைத்தார்.

"இந்த எண்ணைப் பாருங்க. இன்ஜினியரம்மாவோட கடைசிப் பதிவு இந்த அளவு. உங்க இணையப் பக்கத்துல இதே அளவுல இன்னும் ரெண்டு பதிவு இருக்கு. வேற ஆளு, வேற நாளு, வேற பேச்சு. ஆனா ஒரு பைட் கூட முன்னே பின்னே இல்லை. எப்படி?"

"சரியா ரெண்டு எம்பி" என்று நிரலாளர் முணுமுணுத்தார்.

"யாராவது கையால வெட்டியிருந்தா இவ்வளவு கச்சிதமா வராது. வெட்டினது சர்வர். ரெண்டு எம்பிக்கு மேல வாங்காதேன்னு வரம்பு போட்டிருக்கீங்க. மிஞ்சினா என்ன செய்யணும்னு எழுதலை. அதனால அது வாங்கின வரைக்கும் வாங்கிட்டு, மீதியைக் கீழே போட்டுட்டு, பச்சை டிக் காட்டுது. வாசல் சர்வர் பதிவுல அன்னிக்கு அவங்க போன்ல இருந்து வந்தது இருபத்தேழு லட்சத்துக்கு மேல."

"அப்ப யார் மேலயும் தப்பில்லை" என்றார் மேலாளர். குரலில் அவசரம்.

"அறிக்கையில ஒரு சிவப்பு அட்டை இருக்கு. அது எதுக்கு?"

"திறக்கக் கூடாத வால்வுல மாட்டறது."

"எல்லாம் சரின்னு சொன்னவங்க கையில அது எதுக்கு?"

மேலாளர் அறிக்கையைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்த வரியை எழுதியவர் அவர்தான்.

துப்பறிவாளர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "அரை நிமிஷப் பேச்சுன்னீங்க. அவங்க வழக்கமா அவ்வளவுதான் பேசுவாங்க. ஆனா அன்னிக்குப் பதிவு, வெட்டினது போகவே, ரெண்டு நிமிஷம் பதினொரு வினாடி. அதை முதல் தடவையா யாரோ ஓட்டினது, விபத்து நடந்து முடிஞ்சு மூணு அஞ்சுக்கு, மேலாளர் அறையில. சர்வர்ல இருக்கு. ரெண்டு மணிக்கு யாரும் கேட்கலை."

மேற்பார்வையாளர் கட்டுப் போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டார்.

"பச்சை டிக்கைப் பார்த்தேன்" என்றார்.

"அது ஃபைல் வந்து சேர்ந்துச்சுன்னுதான் அர்த்தம். செருப்புச் சத்தத்துக்கும் அது வரும்."

"தெரியும் சார். எல்லாருக்கும் தெரியும். ஆனா தினம் பச்சைதான். பச்சை வந்தா திறக்கலாம்னு ஆயிடுச்சு. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கலை. பழகிடுச்சு."

"கேட்டிருந்தா பேச்சு பாதியில நிக்குதேன்னு தோணியிருக்கும். என்னம்மா சொல்ல வந்தீங்கன்னு கேட்டிருப்பீங்க. கூப்பிடு தூரத்துலதான் இருந்தாங்க."

மேலாளர் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"முழுப் பதிவைக் கேட்கலாமா?" என்று துப்பறிவாளர் கணவனிடம் கேட்டார். அவன் தலையசைத்தான். அன்று முதல்முறையாக உட்கார்ந்தான்.

தங்கை, வெட்டுப்பட்ட இடத்துக்குச் சற்று முன்பிருந்து ஓட்டினாள்.

"மூணாவது லைன். பிரஷர் சரியா இருக்கு. ஆனா இணைப்புல போல்ட்டைச் சுத்திப் பனி புடிச்சிருக்கு. காலையில இல்லை. உள்ளே கசியுதுன்னு நினைக்கிறேன். மூணாவதைத் திறக்க வேண்டாம். திரும்பச் சொல்றேன், திறக்க வேண்டாம். ஸ்டோர்ல போய் சிவப்பு அட்டை வாங்கிட்டு வந்து நானே மாட்டறேன். நேரம் ஒண்ணு அம்பது."

தங்கை நிறுத்தக் கை நீட்டினாள்.

"இருங்க" என்றான் கணவன். "இன்னும் ஓடுது."

தகரக் கூரையில் மழைச் சத்தம். காலடிகள். ஒரு கதவு. பிறகு அவள் குரல், போனிலிருந்து தள்ளி, வேறு யாரிடமோ.

"மழையைப் பார்த்தீங்களா ஃபிட்டர்? எங்க வீட்டு லூசு எனக்காக இப்பவே கேட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்கும்."

ஃபிட்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். குரல் கிட்டே வந்தது.

"அய்யய்யோ, இது இன்னும் ஓடிக்கிட்டா இருக்கு?"