மூன்று மணிக்கு ரீஸ்டார்ட்

"யாரைக் கேட்டு என் கம்ப்யூட்டர்ல கை வெச்சீங்க?"

காபிக் கோப்பையோடு அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோரம் நின்று மழையை வேடிக்கை பார்த்தது பத்தே நிமிடம்... அதற்குள் அவளுடைய நாற்காலியில் யாரோ ஒருவன். காலையிலிருந்து வரைந்த வரைபடத்தைத் திரையில் காணோம். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மூணு மணிக்கு மேல எனக்குன்னு சர்க்குலர் போட்டிருக்காங்களே..." அவன் பதறி எழுந்தான். தலைமுடியில் மழைத்துளிகள். மிரண்ட கண்கள். அவை அழகாக வேறு இருந்து தொலைத்தன.

"மணி இன்னும் ரெண்டு அம்பத்தஞ்சு!"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு சுவர்க் கடிகாரத்தை. "என்னோடது பத்து நிமிஷம் வேகமா ஓடும்... மன்னிச்சிடுங்க. சேவ் பண்ணலையா?"

"பண்ணியிருந்தா இப்படிக் கத்துவேனா?"

அவள் வரைபடப் பிரிவு. கோடு மயிரிழை விலகினாலும் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அவன் மூன்றாம் மாடி. ஆற்று வெள்ளம் எந்தத் தெரு வரைக்கும் ஏறும் என்று கணிக்கிறவன். பையில் ஒட்டியிருந்த லினக்ஸின் பென்குயின் பொம்மையால் 'பென்குயின்'. இருவரின் வேலையையும் தாங்கும் கணினி அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதி அவளுடைய விண்டோஸ், இன்னொரு பகுதி அவனுடைய லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள். ஒன்று ஓடினால் மற்றது ஓடாது. அதனால் தினமும் மூன்று மணிக்கு அவள் எழுந்துகொள்ள, அவன் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

சூட்டோடு சூடாக அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். ரெண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு இடம் பார்க்கட்டும்! மேலாளர் அவனைக் கூப்பிட்டு, "ஏதாவது வழி பண்ணுப்பா" என்றார்.

வழி பண்ண ஆறு வாரம் ஆனது. வினையே அந்த ஆறு வாரத்தில்தான் வந்தது.

இரண்டு நிமிட ரீஸ்டார்ட், இருபது நிமிடப் பேச்சாக வளர்ந்தது. அவள் வரைந்த மேடு பள்ளங்களை வைத்துத்தான் அவன் வெள்ளத்தைக் கணிக்க வேண்டும்.

"இந்தத் தெரு இவ்வளவு பள்ளமா?"

"ஏன், உங்க வெள்ளம் அங்க வருதாக்கும்?"

"வரும்... கடைசி நாலு வீட்டுக்கு முழங்கால் வரைக்கும்." அவன் முகம் வாடிவிட்டது. முன்பின் பார்த்திராத நாலு வீட்டுக்காக ஒருவன் இப்படி வருத்தப்படுவானா? அன்றிரவு அவளுக்கு அந்த முகம்தான் நினைவில் நின்றது.

"காலையில மூணு தடவை தலை சீவுறியே, கம்ப்யூட்டர் உன்னைப் பாக்கவா போகுது?" என்று கேட்டாள் அக்கா. பிறகு விஷயம் தெரிந்ததும், "அந்தப் புகாரை வாபஸ் வாங்கேன்டி" என்றாள்.

"எழுதிக் கொடுத்தவளே போய் வேணாம்னு நிக்கறதா? என் மானம் என்னாகும்?"

"அப்ப மானத்தையே கட்டிக்கோ."

மேலாளர் கெடு வைத்த வெள்ளிக்கிழமை வந்தது. அவன் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"இனிமே உங்க விண்டோஸை அணைக்கவே வேணாம். அதுக்குள்ளயே தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ஜன்னல் திறக்கும். அதுல என் லினக்ஸ் எழுந்துக்கும். புதுசா எதுவும் போடலை... டிஸ்க்ல ஏற்கனவே இருக்கிற அதே லினக்ஸ்தான். நான் மேல என் சீட்லேர்ந்தே வேலை பார்த்துக்கலாம்."

"அப்ப நீங்க..."

"கீழ வர வேண்டியதில்லை." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு. எழும்போது ஒரு பட்டியல் வரும். பத்து செகண்டுக்குள்ள கீழ் அம்பை அழுத்தி லினக்ஸை எடுக்கணும். விட்டா, மேல இருக்கிற விண்டோஸ் தானா கிளம்பிடும். ஓடிக்கிட்டிருக்கிற விண்டோஸே இன்னொரு தடவை எழுந்தா டிஸ்க் மொத்தமும் குழம்பிடும். நகல் எடுத்து வெச்சிருக்கேன்... ஆனா எல்லாம் திரும்ப ஓட ரெண்டு வாரம் ஆகும். இந்த ஒரு தடவைதான், உள்ள போனதும் வரிசையை மாத்திடறேன்."

"விண்டோஸ் ஏன் மேல இருக்கு?"

"காலையில ஆன் பண்ணிட்டு தண்ணி பிடிக்கப் போவீங்க இல்ல... திரும்பி வரும்போது உங்களோடது தயாரா இருக்கட்டும்னு நான்தான் மாத்தினேன்."

அவன் மவுஸை அழுத்தினான். திரையில் ஜன்னல் திறந்தது. பட்டியல் வந்தது. பத்து... ஒன்பது... எட்டு...

விட்டுவிட்டால்? இரண்டு வாரம்! இரண்டு வாரம் இதைச் சரிசெய்ய இவன் மறுபடி தினமும் கீழே வருவான். விரல் அம்பின் மேல் அப்படியே நின்றது. ஐந்து... நான்கு... வெளியே மழை வலுத்தது. இந்த மழைக்கு அவனுடைய கணிப்பு நாளைக்கே ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நாலு வீடு...

அழுத்திவிட்டாள்.

லினக்ஸ் சமர்த்தாக எழுந்தது. "சரியா வந்துடுச்சு" என்றான் அவன். சாவுச் செய்தி சொல்வதுபோல் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை மூன்று மணி. யாரும் வரவில்லை. திரையின் ஓரத்தில் அவனுடைய வெள்ளை எழுத்துகள் மட்டும் ஓடின. அவன் மேலே இருக்கிறான்... வேலை பார்க்கிறான்... அவளுக்கு அழுகை வந்தது. மானமாவது, மண்ணாங்கட்டியாவது! படியேறினாள்.

அவளைக் கண்டதும் அவன் எழுந்தே விட்டான். "என்னாச்சு? நின்னுடுச்சா?"

"நல்லா ஓடுது." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு... அழுத்தாம விட்டுடலாம்னு நினைச்சேன். ரெண்டு வாரம் நீங்க வருவீங்களேன்னு."

அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"நான் செஞ்சது எத்தனை நாள் வேலைன்னு தெரியுமா?"

"ஆறு வாரம்."

"அரை நாள். நீங்க புகார் கொடுத்த மறுநாளே வேற கம்ப்யூட்டர்ல செஞ்சு பார்த்துட்டேன், ஓடுச்சு. அதுக்குள்ள நீங்க அந்த மேடு பள்ளமெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சிட்டீங்க... மேலாளர் கேட்டப்ப எல்லாம் சரியா வரலைன்னு பொய் சொன்னேன். உங்களைப் பார்க்காம இருக்கணும்னு நினைச்சாலே..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

"நாளைக்கு மூணு மணிக்குக் கீழ வாங்க."

"எனக்கு அங்க வேலை இல்லையே."

"நான் இருக்கேன் இல்ல?"