கிட்டங்கி வளவில் படுத்திருந்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, எங்கள் ஊரின் மூன்று பெரிய மனிதர்கள் வெயிலில் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒருவர் கையில் மெழுகுதிரி. ஒருவர் கையில் சாம்பிராணித் தட்டு. மூன்றாமவர் கையில் தேங்காய். 

நான் என் வேலிக்குள் நின்று பார்த்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலி ஓட்டையும் என் காதும் ஒரே உயரத்தில் இருந்தால் அது என் குற்றமா?

சரி, முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

மன்னார்க் கடைத்தெருவுக்குப் பின்னால், என் வீட்டுக்கு எதிரே, கிட்டங்கி வளவு என்ற வெறுங்காணி கிடக்கிறது. ஒரு காலத்தில் அங்கே உப்பு மூட்டை அடுக்கும் பெரிய கிட்டங்கி இருந்தது. கூரை சோழகக் காற்றோடு போனது. சுவரை ஊரார் கல் கல்லாக வீட்டுக்குக் கொண்டு போனார்கள். நான் எடுத்தது அடுப்படிக்கு நான்கு கல் மட்டும்தான். பிறகு அங்கே மிஞ்சியது உடைமுள், உடைந்த சட்டி, துருப்பிடித்த தகரம், மீன் செதில், அதோடு ஊரில் சொந்தக்காரர் இல்லாத அத்தனை கழுதைகளும்.

நடுவில் ஒரு மணல்மேடு. ஆள் நீளம். அதை எல்லோரும் சமாதி என்றார்கள். யாருடைய சமாதி என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் வீட்டு இறந்தவரைப் பற்றி விசாரிப்பது மரியாதையா, சொல்லுங்கள்?

இப்போது செலீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு எடித்தின் மகள். பத்து வயது. அவளும் கலந்தரின் மகன் சனூனும் இன்னும் ஏழெட்டு வாண்டுகளும் கடைத்தெருவில்தான் பந்தடிப்பார்கள். பழந்துணியைச் சுருட்டி, வலைநூலால் இறுக்கிச் சுற்றிய பந்து.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பந்து பறந்து போய் ஓவசியர் ஐயாவின் தொப்பியில் பட்டது. தெருப்போடுகிற வேலைகளைப் பார்க்கிற பெரிய உத்தியோகத்தர் அவர். தொப்பி சூடைமீன் கூடைக்குள் விழுந்தது. அவர் கோபத்தில் பார்க்காமலே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஆற்ற பந்து இது?"

செலீனா முன்னால் வந்தாள். "என்ர ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தொப்பியைக் கழட்டுங்கோ, உள்ளுக்க ஒரு சூடை இருக்கு."

தெருவே சிரித்தது. ஓவசியர் சிவந்து போனார்.

"இனித் தெருவில பந்தைக் கண்டனெண்டா வெட்டி எரிச்சுப்போடுவன்!"

"அப்ப நாங்கள் எங்க ஐயா விளையாடுறது?"

 அவர் தொப்பியைக் கழற்றி, சூடையைக் கூடைக்குள் போட்டார்.

"கிட்டங்கி வளவு சும்மாதானே கிடக்கு. திங்கக்கிழமை அதில றோட்டுக்கல்லுக் குவிக்கச் சொல்லி துரை சொல்லிப்போட்டார். ஊருக்கு விளையாட்டுத்திடல் வேணுமெண்டா, அதுக்கு முன்னம் மூண்டு சமயத்துப் பெரியாக்களும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நான் துரையிட்டக் குடுக்கிறன்."

செலீனா அன்றைக்கே ஒரு கடதாசியோடு புறப்பட்டாள். முதலில் கோயில் மூப்பர் சவிரியானிடம் போனாள்.

"ஐயோ பிள்ளை!" என்று அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அது முஸ்லிம் ஆக்களின்ர பெரியவர் ஒருவர் அடங்கின இடம். அங்க சாம்பிராணி மணக்கிறது எனக்குத் தெரியாதோ? நானும் மரியாதைக்கு ஒரு மெழுகுதிரி வைக்கிறனான். அதுக்கு மேல பந்தடிக்க நான் கையெழுத்து வைக்கிறதோ?"

அடுத்தது கலந்தர். கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாவே! அது உங்கட கோயில் ஆக்களின்ர கல்லறை, மகள். மெழுகுதிரி எரிஞ்சதை என்ர கண்ணால கண்டனான். அதுதான் நானும் வியாழக்கிழமையில கொஞ்சம் சாம்பிராணி போடுறனான். உங்கட ஆக்கள் என்ன நினைப்பினம்?"

கடைசியாகப் பிள்ளையார் கோயில் சிவக்கொழுந்தர். "மற்ற ரெண்டு பகுதியில ஆரோ ஒராளின்ர சமாதி பிள்ளை அது. பயணம் போகேக்க நானும் ஒரு தேங்காய் உடைச்சிட்டுத்தான் போறனான். எங்களுக்கேன் ஊர்ச் சண்டை?"

செலீனா வெறும் கடதாசியோடு வந்து வளவு ஓரத்தில் குந்தினாள். சனூனும் பக்கத்தில் குந்தினான்.

"முடிஞ்சுது. திங்கக்கிழமை கல்லு வருது. இனிக் கடலுக்குள்ள நிண்டுதான் பந்தடிக்கோணும்," என்றான் அவன்.

அப்போது ஒற்றைக்காதுக் கழுதை வந்தது. வழக்கம்போல மேட்டின் ஓரத்துப் புதருக்குள் முதுகை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தது. அதன் முதுகில் எப்போதும் ஒரு செம்மண் நிறக் கறை இருக்கும். யாரோ மருதாணி பூசிவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.

செலீனா அதைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

"சனூன், இது துரு. கல்லறைக்குள்ள இரும்பு வைப்பினமோ?"

"மௌத்தானவர் இரும்பு வியாபாரியோ என்னவோ?"

"தோண்டினால் தெரியும்."

"ஐயோ, நான் வரமாட்டன்!"

"இப்ப இல்லையடா. அது ஆற்றையோ ஒராளின்ர இடமெண்டால் கேக்காமத் தோண்டக்கூடாது. முதல்ல சொந்தக்காரர் ஆரெண்டு பாப்பம்."

மறுபடியும் மூன்று வீடும் ஏறி இறங்கினாள். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மற்ற ரெண்டு பேரும் மேட்டடிக்கு வருகினம். நீங்களும் வந்தா மரியாதையா இருக்கும்." முதலாமவரிடம் சொன்னபோது அது இன்னும் உண்மையாகவில்லை. மூன்றாமவரிடம் சொன்னபோது உண்மையாகிவிட்டது. கெட்டிக்காரி!

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டைச் சுற்றி நின்றார்கள். மற்றவர் தொடங்கட்டும் என்று ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கழுதை ஒன்று கொட்டாவி விட்டது.

"தொடங்குங்கோ மூப்பர்," என்றார் கலந்தர் மெதுவாக.

"நானோ? உங்கட பெரியவருக்கு நான் எப்பிடித் தொடங்குறது?"

"எங்கட பெரியவரோ? இது உங்கட கல்லறையெல்லோ!"

"எங்கட கல்லறையெல்லாம் கோயிலடியில கணக்கா இருக்கு!"

இருவரும் திரும்பிச் சிவக்கொழுந்தரைப் பார்த்தார்கள். அவர் தேங்காயோடு பின்னால் போனார். "என்னைப் பாக்காதேங்கோ. நாங்கள் சுடுகாட்டில எரிக்கிறனாங்கள்."

அந்த இடத்தில்தான் மூன்று வாயும் திறந்தன.

"அப்ப," என்றார் மூப்பர், "இதுக்குள்ள படுத்திருக்கிறது ஆர்?"

நான் வேலியை விட்டு வளவுக்கே ஓடி வந்துவிட்டேன். கருவாட்டைக் காகம் தூக்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. எப்படியோ செய்தி பரவி ஊரே கூடிவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நான் பாக்கட்டோ?" என்றாள் செலீனா.

மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். ஒன்றாகவே இரண்டு அடி பின்னால் போனார்கள்.

அவள் முள்ளை விலக்கி, கழுதை முதுகு தேய்க்கும் இடத்தில் கையால் மணலை அள்ளினாள். சனூன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உதவி செய்தான். முதலில் ஒரு கை தெரிந்தது.

"கை! கை!" என்று கூட்டம் அலறியது. ஒருவர் மயங்கி விழுந்தார். (எடித்தின் மடியில்தான் விழுந்தேன், அடி படவில்லை.)

"இரும்புக் கைப்பிடி!" என்று செலீனா கத்தினாள்.

அதைத் தொடர்ந்து தோண்டத் தோண்ட ஒரு சட்டம். சட்டத்தின் முடிவில், மாட்டு வண்டிச் சில்லளவு உயரத்தில், உருண்டு திரண்ட ஓர் இரும்பு உருளை. தெரு சமப்படுத்த ஆட்கள் இழுக்கும் றோலர்!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓவசியர் வந்தார். றோலரைக் கண்டதும் அவர் தொப்பி தானாகவே விழுந்தது.

"இது… இது பதினொரு வருஷத்துக்கு முன்னம் களவு போனதெண்டு கந்தோர்ப் பதிவுப் புத்தகத்தில எழுதி வைச்சிருக்கு!"

"பத்துப் பேர் இழுக்கிற சாமானை எந்தக் கள்ளன் ஐயா சட்டைப்பைக்குள்ள கொண்டு போவான்?" என்றார் கலந்தர்.

வேலை முடிந்து யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள். சோழகக் காற்று வருடாவருடம் மணலை அள்ளி மூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

சிவக்கொழுந்தர் தேங்காயைப் பார்த்தார். "அப்ப நான் இத்தனை வருஷமா றோலருக்கோ தேங்காய் உடைச்சனான்?"

"நீங்கள் தேங்காய். நான் எத்தினை பெட்டி சாம்பிராணி!"

மூப்பர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கும் வரை செலீனா பொறுத்திருந்தாள். பிறகு கடதாசியை றோலரின் மேல் விரித்துப் பிடித்தாள்.

"இனிக் கையெழுத்து வைக்கலாமோ?"

மூன்று கையெழுத்தும் அங்கேயே விழுந்தன. ஓவசியர் மறுநாள் விடியவே அதைத் துரையிடம் கொண்டு போனார். றோட்டுக்கல் வேறு இடத்துக்குப் போனது.

பிறகு ஒரு வாரம் ஊரே வளவுக்குள் நின்றது. முள் வெட்டினார்கள். தகரம் பொறுக்கினார்கள். முதல் நாளே தேங்காயை உடைத்து எல்லோருக்கும் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுத்தார்கள். வேலைக்குக் கல் வேண்டும் என்றபோது நான்கூட என் நான்கு கல்லில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் றோலரையே இழுத்து நிலத்தைச் சமப்படுத்தினார்கள். பழைய துடுப்புகள் நான்கு கோல் கம்பங்களாயின.

முதல் ஆட்டத்தில் செலீனா உதைத்த பந்து மறுபடியும் ஓவசியரின் தொப்பியைத் தட்டியது. அவர் வாயைத் திறந்தார்.

"ஐயா, இது தெரு இல்லை," என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டு பந்தைத் திருப்பி உதைத்தார்.

ஒன்று மட்டும் இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. கலந்தர் முதன்முதலில் கண்ட அந்த மெழுகுதிரியை, மூப்பருக்கும் முன்னால், ஏற்றி வைத்தது யார்? ஊர் முழுவதும் அதைத்தான் பேசுகிறது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் என் கறுப்புக் கோழி வளவுக்குள் ஓடிவிட்டது. இருட்டத் தொடங்கியதால் மெழுகுதிரியோடு போனேன். கோழியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே? மெழுகுதிரியை மேட்டில் குத்தி வைத்தேன். கோழியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஊரிலுள்ள எல்லாச் செய்தியையும் எல்லோருக்கும் சொல்கிறவள் நான். இதை மட்டும் உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். செலீனாவின் காதில் போட்டுவிடாதீர்கள்.