ரத்தத்துக்குத் தெரியாத வலி

லுபேயின் அப்பா பெசமினோ போரிருவா நகரில் பேருந்து ஓட்டுகிறார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ரக்பி ஆடிய காலத்தில் மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் நகரமாட்டாராம். அப்படிப்பட்டவர், கொஞ்ச நாளாகக் காலையில் ஜாம் பாட்டிலை லுபேயிடம் நீட்டுகிறார்.

“திற பார்ப்போம்! உனக்குப் பலம் வரணும்ல?”

லுபேக்கு ஒரே பெருமை. ஜாம் மூடி, பற்பசை மூடி, அப்பாவின் சட்டைப் பொத்தான் எல்லாம் இப்போது அவள் பொறுப்பு. பத்து வயதில் இவ்வளவு பலம் வேறு யாருக்கு இருக்கிறது!

ஏப்ரல் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சீக்கிரமே விழித்துவிட்டாள். சமையலறையில் அப்பா பால் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய விரல் முட்டிகள் வீங்கியிருந்தன.

லுபே சத்தமில்லாமல் படுக்கைக்குத் திரும்பினாள். ‘அப்படியென்றால் அது எனக்கான பயிற்சியே இல்லையா?’

அப்பாவுக்கு மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம். போன வருடம்தான் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்று மதியம் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் லுபேயும் கூடப் போனாள்.

டாக்டர் ஹன்னிகன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“பெசமினோ, வீக்கத்தைக் காட்டுற எண் போன வருஷம் நாற்பது. இப்ப வெறும் நாலு! உங்க ரத்தம் ரொம்பச் சமத்தா இருக்கு.”

“நான் மலை மாதிரி இருக்கேன், டாக்டர்!”

“சரி, வலி எவ்வளவு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் எழுதுங்க.”

அப்பா பேனாவை எப்படியோ பிடித்து ‘ஒன்று’ என்று எழுதினார்.

அது பொய் என்று லுபேக்குத் தெரியும். வெளியாள் முன்னால் பெரியவர்களை மறுத்துப் பேசினால் வீட்டில் தொலைந்தாள். பேசாமல் இருந்தாலோ, அப்பா நாளைக்கும் பல்லால்தான் பாட்டில் திறப்பார். வகுப்பில் செய்வதுபோல் கையைத் தூக்கினாள்.

“டாக்டர், ஒரு சந்தேகம். ஜாம் மூடியைத் திறக்க முடியலேன்னா, அது ரத்தத்துல தெரியுமா?”

அப்பா அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

“தெரியாதே!” என்றார் டாக்டர். “சில பேருக்கு ரத்தம் அமைதியா இருக்கும், மூட்டுக்குள்ள மட்டும் சண்டை நடந்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் ரத்தத்தையும் பார்க்கிறோம், மூட்டையும் பார்க்கிறோம், ஆளையும் கேட்கிறோம். ஆளே பொய் சொன்னா நாங்க என்ன பண்றது? எங்க, கையைக் காட்டுங்க மலை சார்.”

ஒவ்வொரு முட்டியாக அழுத்திப் பார்த்தார். மூன்றாவது முட்டியிலேயே மலை “ஐயோ!” என்று அலறியது.

“ஏன்ப்பா சொல்லல?” என்றாள் லுபே.

“வலிக்குதுன்னு சொன்னா பஸ் ஓட்டக் கூடாதும்பாங்களோன்னு பயம். அப்புறம்… ஊசி போடணும்பாங்க.”

“ஊசிக்கா பயம்? உங்களுக்கா?”

“மெதுவாப் பேசுடி, நர்ஸ் காதுல விழப்போகுது.”

“சரியான மருந்து கிடைச்சாதான் நிம்மதியா பஸ் ஓட்டலாம்,” என்றார் டாக்டர்.

அப்பா ‘ஒன்று’ என்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். லுபே புருவத்தை மட்டும் தூக்கினாள். அப்பா ஐந்தையும் அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

முதல் ஊசி போட்டபோது, அவர் கையை வலிக்காமல் லேசாகப் பிடித்துக்கொண்டவள் லுபேதான். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புது மருந்து உடனே கேட்கவில்லை. முதல் மாதம் முழுக்க அப்பா முணுமுணுத்தார். இரண்டாம் மாதம் முணுமுணுப்பு குறைந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை லுபேயின் நெட்பால் அணி பத்தொன்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரே கோலைப் போட்டவள் லுபே. மைதான ஓரத்தில் ஒருவர் மட்டும் படபடவென்று கைதட்டினார். நடுவரே விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அப்பா, போதும்!” என்று கத்தினாள் லுபே, வெட்கமும் சிரிப்புமாக.

அவர் நிறுத்துவதாக இல்லை.