வாயாடி மாற்றிப் படித்த முடிவு

அந்தத் தெருவில் யாரும் பனிக்கரடியை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க, வாயாடியின் அம்மா நடத்தும் கணினித் தட்டச்சுக் கடைக்குப் பனிக்கரடிகள் வந்துகொண்டே இருந்தன.

எல்லாம் நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு செய்த வேலை. 'இந்த வட்டார எழுத்தாளர்களுக்கான சிறுகதைப் போட்டி. பொருள்: காலநிலை மாற்றம். தட்டச்சு செய்த கதைகள் மட்டுமே ஏற்கப்படும்.'

அவ்வளவுதான், தெருவே எழுத்தாளர் ஆகிவிட்டது. முடிதிருத்துபவர் எழுதிய கதையில், வெயில் தாங்காத பனிக்கரடி ஒன்று உடம்பு முழுக்க முடி வெட்டிக்கொள்ள வந்தது. கணக்கு டீச்சரின் பனிக்கரடி வகுத்தல் கணக்குப் போட்டது.

"ஏம்மா எல்லாரும் பனிக்கரடியையே பிடிச்சுத் தொங்குறாங்க?"

"அதுதான் நேர்ல வந்து சண்டை போடாது. பேசாம படி."

படிப்பதுதான் வாயாடியின் வேலை. பிறர் கையெழுத்தைப் பார்த்துத் தட்டினால் அம்மாவுக்குக் கண் வலிக்கும். அதனால் பள்ளி விட்டு வந்ததும் வாயாடி முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அம்மா காதில் விழுவதை அப்படியே தட்டுவாள். கால்புள்ளி வந்தால் "கால்புள்ளி" என்றும் சொல்ல வேண்டும்.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "எழுத்து எழுதினவங்களோடது. அதுல ஒரு கால்புள்ளிகூட நமக்குச் சொந்தமில்ல" என்பாள் அம்மா.

போட்டிக்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் கொத்தனார் வந்தார். ஆற்றோரம் தன் கையாலேயே கட்டிய வீட்டை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, தெருக்கோடியில் ஓர் அறைக்குக் குடிவந்தவர். அவரும் அவருடைய சின்ன மகள் பொடியும் மட்டும்தான்.

"தங்கச்சி, நானும் ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று கூச்சத்தோடு காகிதங்களை நீட்டினார்.

"பனிக்கரடியா மாமா?" என்றாள் வாயாடி.

"இல்லம்மா. நாய்."

காகிதங்களை வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். வாயாடி படிக்கத் தொடங்கினாள்.

கோடை நடுவில், எந்த வருஷமும் பெய்யாத நேரத்தில், மழை கொட்டுகிறது. ஆறு ஏறுகிறது. வீட்டு நாய்க்கு இடி என்றால் பயம். மிரண்டு ஓடித் தொலைந்துவிடப் போகிறதே என்று அப்பா அதை வாசல் தூணில் கட்டிவைக்கிறார். விடிவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பின்பக்கமாக ஓடுகிறார். மேட்டில் ஏறிய பிறகுதான் அவருக்குக் கயிறு நினைவுக்கு வருகிறது.

வாயாடி நிறுத்தினாள். அடுத்த வரிகளை மனத்துக்குள் படித்துப் பார்த்தாள்.

'தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. நாய் கயிற்றோடு அங்கேயே கிடந்தது. இதை என் மகளிடம் நான் சொல்லவில்லை.'

"என்னடி, நின்னுட்ட?" என்றாள் அம்மா. அவள் விரல்கள் காத்திருந்தன.

அதை வாய்விட்டுப் படிக்க வாயாடியால் முடியவில்லை. அவள் வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"கயிறு அறுந்திருந்தது. முற்றுப்புள்ளி. நாய் நீந்திக் கரையேறிவிட்டது. முற்றுப்புள்ளி. அது எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது, கால்புள்ளி, ஒருநாள் வந்துவிடும். முற்றுப்புள்ளி."

"அப்பாடா!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலையில் கொத்தனார் அச்சடித்த தாள்களை வாங்கிக்கொண்டார்.

"ஒரு தடவ சரிபார்த்துக்கங்கண்ணே."

"வேண்டாம் தங்கச்சி. அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ படிக்க எனக்குத் தெம்பில்ல. நாளைக்கு வேலை முடிஞ்சதும் நூலகத்துல குடுத்துடறேன்."

வாயாடிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாயைக் காப்பாற்றிவிட்டோம் அல்லவா!

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது, தெரு முனையில் பொடி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட். போகிற வருகிறவர்களின் கால்களுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி பிஸ்கட்?"

"சாக்ஸுக்கு."

"யாரு அது?"

"எங்க நாய். அவனுக்கு ஒரு கால் மட்டும் வெள்ளை. ஒத்த சாக்ஸ் போட்ட மாதிரி." பொடி சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "அப்பா எழுதினத காலையில எழுத்துக் கூட்டிப் படிச்சேன்க்கா. சாக்ஸ் கரையேறிட்டான். வந்துடுவான். அவனுக்கு எங்க புதுவீடு தெரியாதுல்ல, அதான் இங்க உக்காந்திருக்கேன்."



"அது... கதைதானே பொடி?"

"எங்கப்பா பொய் எழுத மாட்டாரு."

பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று வாயாடி நினைத்தாள். குழந்தைதானே, இரண்டு நாளில் மறந்துவிடுவாள். ஆனால் பொடி ஒரு பிஸ்கட்டைக்கூடத் தின்னாமல் வைத்திருந்ததைப் பார்த்தபோது, இவள் மறக்கிற ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவள் கடைக்கு ஓடினாள். கொத்தனார் எழுதிய காகிதங்கள் இன்னும் மேசையில்தான் கிடந்தன. எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் அவர் சுவர் எழுப்பும் இடத்துக்குப் போனாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை, பொடியின் பிஸ்கட்டையும் விடவில்லை.

கொத்தனார் சாந்து பூசும் கரணையைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் அந்த முடிவத்தான் எழுத ஆசப்பட்டேன்மா" என்றார் அவர். "கை வரல."

"மன்னிச்சிருங்க மாமா."

"நீ ஒரு நாள் மாத்திப் படிச்ச. நான் அவகிட்ட இத்தன நாளா மாத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்கயோ ஓடிப்போச்சுன்னு." அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "இப்ப அவகிட்ட யாரு சொல்றது?"

வாயாடி அழுதபடியே சொன்னாள். "நான் மாத்தினத நான் சொல்றேன். மிச்சத்த நீங்க சொல்லுங்க."

இருவரும் தெரு முனைக்கு வந்து பொடியின் இருபக்கமும் உட்கார்ந்தார்கள்.

"பொடி, கயிறு அறுந்துச்சுன்னு உங்கப்பா எழுதல. நான்தான் மாத்திட்டேன்" என்றாள் வாயாடி.

பொடிக்குப் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் மெதுவாக, மறைக்காமல், தூணையும் கயிற்றையும் சொன்னார். பொடி முதலில் வாயாடியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வாயாடி வாங்கிக்கொண்டாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

வெகுநேரம் கழித்து, "முடிச்சு ரொம்ப இறுக்கமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. ஓடிப்போயிடக் கூடாதுன்னு இறுக்கித்தான் கட்டினேன்."

நூலகம் மூட இன்னும் நேரம் இருந்தது. மூவரும் கடைக்குப் போனார்கள். நடந்ததைக் கேட்ட அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வாயாடிக்கு இருந்தது. அம்மா முக்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள்.

வாயாடி கடைசிப் பக்கத்தைப் படித்தாள். குரல் உடைந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் தாண்டவில்லை. அம்மா தட்டி முடித்தாள்.

பொடி திரையை உற்றுப் பார்த்தாள். "எல்லா இடத்துலயும் நாய் நாய்னு இருக்கு. அவன் பேரே இல்ல."

வாயாடி வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள். கொத்தனாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றாள் அம்மா.

"வேண்டாம். ஒவ்வொண்ணா" என்றாள் பொடி.

அப்படியே செய்தார்கள். வாயாடி ஒவ்வொரு 'நாய்' மேலும் விரலை வைத்தாள். பொடி "சாக்ஸ்" என்றாள். அம்மா தட்டினாள். இடிக்குப் பயந்தது சாக்ஸ். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது சாக்ஸ். தூணருகே படுத்துக்கொண்டது சாக்ஸ்.

கயிற்றோடு கிடந்த அந்தக் கடைசி 'நாய்'க்கு வந்தபோது பொடி பேசவில்லை. வாயாடியும் பேசவில்லை. விரலை அங்கேயே வைத்துக் காத்திருந்தாள். அம்மாவின் கைகளும் காத்திருந்தன.

பிறகு பொடி, அவனைக் கூப்பிடுகிற குரலிலேயே, "சாக்ஸ்" என்றாள்.

அம்மா தட்டினாள்.

"முற்றுப்புள்ளி" என்றாள் வாயாடி.